ஒரு தேக்கரண்டிப் பங்கு

பேரரசின் பெருவிருந்து அது! மன்னர் ஐந்தாம் ஜார்ஜின் குடும்பத்துக்காகக் கிறிஸ்துமஸ் நாளில் சமைக்கப்படும் புட்டிங் எவ்வாறு செய்யப்படுகிறது என்ற குறிப்பை, 1927-ஆம் ஆண்டில், பேரரசு விற்பனை வாரியம் அச்சடித்து நாடெங்கும் பரப்பியது. குறிப்பைத் தந்தவர் அரண்மனைச் சமையல் தலைவர் ஹென்றி செடார். நாட்டுக்கொரு பொருள், பொருளுக்கொரு நாடு என்று நாவில் நீர் ஊற எழுதப்பட்ட பட்டியல்! ஆஸ்திரேலியாவின் உலர்திராட்சை இரண்டு வகை, வகைக்கு ஐந்து ராத்தல். தென்னாப்பிரிக்காவின் கிஸ்மிஸ் ஐந்து ராத்தல். மேற்கிந்தியத் தீவுப் பக்கத்துச் சர்க்கரை இரண்டரை ராத்தல். அயர்லாந்தின் முட்டை இருபது. இலங்கையின் பட்டை இரண்டு அவுன்சு. சான்சிபாரின் கிராம்பு ஒன்றரை அவுன்சு. சைப்பிரசிலிருந்து பிராந்தி, ஜமைக்காவிலிருந்து ரம், இங்கிலாந்திலிருந்து பீர்.

இந்தியா? முப்பது கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழ்ந்த நாடு! மன்னரின் மணிமுடியிலே ஒளிவிடும் மாணிக்கம் என்று மேடைதோறும் புகழப்பட்ட நாடு! அந்த நாட்டுக்கும் பட்டியலில் இடம் இருந்தது. புட்டிங்குக்கு வேண்டிய மணப்பொடி: ஒரு தேக்கரண்டி!

ஒரே ஒரு தேக்கரண்டி. தோழரே, சிரித்துவிட்டுப் போய்விட வேண்டாம். அந்தத் தேக்கரண்டியின் எடையை நிறுத்துப் பார்க்க ஒரு தராசு வேண்டும். அந்தத் தராசு இலண்டனிலே இல்லை. மேற்கு மலையின் அடிவாரத்திலே, போடிநாயக்கனூரிலே இருக்கிறது.

மணப்பொடி கடைக்குக் கடை மாறும். ஒருவர் சாதிக்காயைக் கூட்டுவார், இன்னொருவர் இஞ்சியைக் கூட்டுவார், வேறொருவர் கைப்பிடி ஏலத்தையும் சேர்த்து இடிப்பார். மன்னர் வீட்டுத் தேக்கரண்டியில் ஏலம் இருந்ததா என்பதல்ல நமது வழக்கு. விருந்து மேசையிலே மணமாக மட்டும் இடம் பெற்று, மனிதனாக இடம் பெறாமற்போன கூட்டத்தைப் பற்றியது நமது வழக்கு.

அந்தப் புட்டிங் குறிப்பு வெளிவந்த மறு ஆண்டு, 1928-இல், மதுரையிலிருந்து போடிநாயக்கனூருக்கு இரயில் வந்தது. யாருக்காக வந்தது? போடி மக்கள் மதுரைக்குப் போய்ச் சித்திரைத் திருவிழா பார்த்து வரவா? மலைமேல் விளைந்த ஏலமும் காப்பியும் தேயிலையும் கடலோரம் போய்ச் சேர வழி வேண்டியிருந்தது. அதற்கு முன்பே மலையிலே வேடிக்கையான ஒரு போக்குவரத்து நடந்தது. மூணாறு, குண்டளைப் பள்ளத்தாக்கிலே 1902-இல் ஒற்றைத் தண்டவாளம் போட்டார்கள். அதன்மேல் வண்டிகளை மாடுகள் இழுத்தன. 1908-இல் அது நீராவி இரயிலாயிற்று. டாப் ஸ்டேஷன் என்று இன்றும் பெயர் வழங்கும் முகட்டிலே தேயிலைப் பெட்டிகள் இறக்கப்பட்டு, கம்பிவடத்திலே தொங்கித் தொங்கிக் கொட்டகுடி அடிவாரத்துக்கு வந்து, அங்கிருந்து போடிக்குப் போயின. 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அந்த மலை இரயிலை அடித்துக்கொண்டு போனது. பெட்டிகள் இறங்க வடம் கட்டினார்கள். பெட்டிகளை நிரப்பிய மக்கள் குரங்கணி வழியே கால்நடையாக ஏறினார்கள், கால்நடையாக இறங்கினார்கள்!

மலையின் பொருள் கீழே இறங்குவதும், அதற்கு ஈடாக மதுக்குடம் கரையேறுவதும் வெள்ளையர் தொடங்கிவைத்த வழக்கம் என்று எண்ணுவோர் உண்டு. அல்ல. பாண்டியன் இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறன், யவனர் கொண்டுவந்த மதுவைப் பொற்கலத்திலே மகளிர் ஏந்தித் தரப் பருகியதைப் புறநானூற்றின் 56-ஆம் பாட்டிலே நக்கீரர் பாடியிருக்கிறார். யவனர் மதுச்சாடிகளின் உடைந்த துண்டுகள் அரிக்கமேட்டிலே கிடைத்தன; வையை கடலோடு கலக்கும் இடத்துக்கு அருகே அழகன்குளத்திலும் கிடைத்தன. குரங்கணிச் சரிவிலே பெய்யும் மழை கொட்டகுடி ஆறாகி வையையோடு சேர்ந்து போகும் திசையும் அதுதான். யவனன் மதுவை இலவசமாகவா கொடுத்தான்? மிளகுக்குக் கொடுத்தான், முத்துக்குக் கொடுத்தான். பாட்டிலே மன்னன் இருக்கிறான், பொற்கலம் இருக்கிறது, வளையணிந்த மகளிர் இருக்கின்றனர். மிளகு பறித்தவன் இல்லை. அன்றே அவனுக்குப் பந்தியிலே இலை போடவில்லை!

இனி, கிறிஸ்துமஸ் விருந்துக்கு வருவோம். பிளம் கேக், புட்டிங், போர்ட் ஒயின், வான்கோழி, ஜோடித்த மரம் இவையெல்லாம் ஆதிநாளிலிருந்தே ஆண்டவன் கட்டளைப்படி நடப்பதுபோல ஒரு நினைப்பு நம் நாட்டிலே உண்டு. வரலாறு வேறு பேசுகிறது. டிசம்பர் 25-ஆம் நாளைப் பிறந்த நாளாகக் கொண்டாடியதற்கு நமக்குக் கிடைக்கும் பழைய சான்று நான்காம் நூற்றாண்டு ரோமாபுரியைச் சேர்ந்தது. அதே கிறிஸ்துவை வணங்கிய இங்கிலாந்துப் பாராளுமன்றம் 1647-இல் இந்தத் திருநாளையே தடை செய்தது! அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் குடியேற்றத்திலே 1659-இல், கொண்டாடுவோருக்கு ஐந்து ஷில்லிங் தண்டம் விதித்தார்கள். பின்னர் விக்டோரியா அரசியின் காலத்திலேதான், டிக்கன்ஸ் 1843-இல் எழுதிய கதையும், படத்திலே பார்த்த அரண்மனை மரமும் சேர்ந்து, இன்று நாம் காணும் குடும்ப விருந்துக்கு உருக் கொடுத்தன. மூணாற்றுத் தோட்டத் துரைமார்கள் 1890-களிலே கொண்டாடிய கிறிஸ்துமஸ், அவர்கள் பாட்டனார் காலத்துப் புதுமை. கேக்கின் பெயரிலே உள்ள 'பிளம்'கூடப் பிளம் பழமல்ல. உலர்ந்த திராட்சைக்கு ஆங்கிலத்திலே இருந்த பழம்பெயர். மனிதன் வகுத்தான், மனிதன் தடுத்தான், மனிதனே மறுபடி வகுத்தான். விருந்திலே எதை வைப்பது என்பது வேதத்திலே இல்லை. கடையிலும் கப்பலிலும் சட்டத்திலும் இருக்கிறது.

இதற்கு நம் பக்கத்திலேயே அருமையான சான்று ஒன்று உண்டு. மலபார்க் கரையிலே தலைச்சேரி. பர்மாவிலே பிஸ்கட் தொழில் கற்றுத் திரும்பிய மாம்பள்ளி பாபு என்பவர் அங்கே அடுமனை வைத்திருந்தார். 1883-ஆம் ஆண்டு டிசம்பரிலே, அஞ்சரைக்கண்டியில் பட்டைத் தோட்டம் வைத்திருந்த பிரவுன் என்ற துரை, சீமையிலிருந்து வந்த கேக்கு ஒன்றை அவரிடம் காட்டி, இதைப்போல் செய்துகொடு என்றாராம். மாவைக் குழைக்க மாகேயிலிருந்து பிரெஞ்சு பிராந்தி வாங்கிக்கொள் என்றும் சொன்னாராம். பாபு என்ன செய்தார்? பிரெஞ்சு பிராந்தியை விட்டுவிட்டு, முந்திரிப்பழமும் கதலிப்பழமும் சேர்த்து வடித்த உள்ளூர்ச் சரக்கை ஊற்றினார்! மலபாரின் மணப்பொருள்களைத் தூவினார். துரை தின்று பார்த்தார். இன்னும் ஒரு டஜன் செய் என்றார். குடும்பத்தார் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி இது. இந்தியாவிலே சுடப்பட்ட முதல் கிறிஸ்துமஸ் கேக்கு என்று தலைச்சேரி இன்றும் பெருமை பேசுகிறது.

எனக்கு இந்தச் செய்தியிலே பிடித்தது 'முதல்' என்ற பட்டம் அல்ல. பிரெஞ்சுப் பிராந்தி இல்லாவிட்டால் கேக்கு கேக்காகாது என்று துரை நம்பினார். கதலிப்பழம் போதும் என்று தொழிலாளி அறிந்திருந்தார். புட்டியின் மேலே ஒட்டிய சீட்டு துரையின் நம்பிக்கை, உள்ளே நடக்கும் நொதித்தல் தொழிலாளியின் அறிவு. பழத்தின் இனிப்பை ஈஸ்ட் தின்று சாராயமாகவும் கரிவாயுவாகவும் பிரிக்கிறது. அந்த ஈஸ்டுக்குப் பிரான்சு என்றும் தெரியாது, பனங்காடு என்றும் தெரியாது!

ஈஸ்டுக்குத் தெரியாத வேற்றுமை சட்டத்துக்குத் தெரிந்திருந்தது. சென்னை மாகாணத்திலே மதுவிலக்கு 1937 அக்டோபர் முதல் நாள் சேலம் மாவட்டத்தில் தொடங்கிற்று. இடையிலே போர்க்காலத்தில் தளர்ந்து, 1948 அக்டோபர் இரண்டாம் நாள் மாகாணம் முழுவதும் பரவிற்று. கள்ளிறக்கியவன் கைவிலங்கோடு நடந்தான். பெர்மிட் பெற்ற வெளிநாட்டார், மருத்துவச் சான்று பெற்ற செல்வர் ஆகியோரின் கிண்ணம் மட்டும் வற்றவில்லை. 1971-இல் விலக்கு தளர்ந்தது, 1974-க்குள் மீண்டும் இறுகியது, 1981-இல் மறுபடி தளர்ந்தது. 1984-இல் திருப்பலி ஒயினுக்கென்றே தனி விதிகள் வகுக்கப்பட்டன. 1987 முதல் கள்ளுக்குத் தடை. 2003 முதல் மதுச் சில்லறை விற்பனை முழுதும் அரசின் டாஸ்மாக் கைக்கு வந்தது.

இந்த வரிசையிலே ஒளிந்துகிடக்கும் வேடிக்கையைப் பார்த்தீரா? பனையிலிருந்து வடிந்தால் குற்றம். திராட்சையிலிருந்து வடிந்து, தக்கை அடைத்து, மினுமினுக்கும் தாள் சுற்றி வந்தால் நாகரிகம்! தந்தை பெரியார் 1921-இல் தம் தோப்பிலே ஐந்நூறு தென்னைகளை வெட்டிச் சாய்த்தவர். அவரே பிற்காலத்தில், கட்டாய மதுவிலக்கை ஏற்க மறுத்தார். முரண்பாடு என்பார்கள். குடியின் கேட்டையும் கண்டவர், போலீசுத் தடியின் கேட்டையும் கண்டவர் வேறெப்படிப் பேசுவார்? 2024 ஜூனில் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்திலே மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மாண்டவர்களில் பெரும்பாலோர் அன்றாடக் கூலிகள். ஒயின் கிண்ணம் ஏந்தியவர் அந்தப் பட்டியலிலே இல்லை.

சீமையிலே பேரங்காடிகள் 1960-களிலேதான் ஒயின் விற்பனையிலே முனைந்தன. அதன் பின்னரே, ரொட்டி வாங்கும் கூடையிலேயே ஒயின் புட்டியும் விழும் வழக்கம் அங்கே குடும்ப வழக்கமாயிற்று. மராட்டிய அரசு, திராட்சை உழவரைக் காக்க என்று சொல்லி, பேரங்காடிகளில் ஒயின் விற்கலாம் என 2022 ஜனவரியில் முடிவெடுத்தது. உடனே பெரும் எதிர்ப்பு எழுந்தது. தமிழ்நாட்டிலோ பேரங்காடியில் மது கிடையாது. ஆனால் டிசம்பர் பிறந்தால் தேனியிலும் மதுரையிலும் கடை அலமாரிகளில் ஒயின் புட்டியின் கழுத்தும், ஒயின் புட்டியின் மினுக்கலும் கொண்டு சில குப்பிகள் நிற்கின்றன. உள்ளே இருப்பது சாராயம் இல்லாத திராட்சைச் சாறு. பலவற்றில் சாற்றைவிடச் சர்க்கரைநீர் மிகுதி. வாங்குவோர் முகப்பைப் படிக்கிறார்கள். பின்புறத்துச் சிற்றெழுத்தைப் படிப்பதில்லை. படிக்க வேண்டியது அதைத்தான்.

சாறு என்றால் இழிவா? இல்லை. 1869-இல் அமெரிக்காவிலே தாமஸ் வெல்ச் என்பவர், பாஸ்டர் கண்டறிந்த சூடேற்றும் முறையைக் கையாண்டு, புளிக்காத திராட்சைச் சாற்றைப் புட்டியில் அடைத்தார். அது கோவில் வழிபாட்டுக்கென்றே செய்யப்பட்டது. கத்தோலிக்கத் திருச்சபையோ, திருப்பலிக்குக் கொடிமுந்திரியின் இயற்கையான ஒயின்தான் வேண்டும் என்கிறது. ஒரே வேதம், ஒரே விருந்து. ஒருவருக்குப் புளித்தது வேண்டும், ஒருவருக்குப் புளிக்கக்கூடாது! இல்லங்களில் திராட்சையும் சர்க்கரையும் கிராம்பும் ஏலமும் ஜாடியிலே ஊறவைத்து வீட்டு ஒயின் செய்வோரும் உளர். உரிமமின்றிச் செய்தால் அது சட்டப்படி குற்றம் என்பதையும் சேர்த்தே அறிந்திருக்க வேண்டும். ஒரு கிண்ணம் உடலுக்கு நல்லது என்ற பழம்பேச்சையும் அறிவியல் கைவிட்டுவிட்டது. தீங்கற்ற அளவு என்று மதுவுக்கு ஒன்றும் இல்லை என உலக நலவாழ்வு நிறுவனம் 2023 ஜனவரியில் கூறிவிட்டது.

திராட்சை என்றதும் நம் கண் கம்பம் பள்ளத்தாக்கின் பக்கம் திரும்பாமல் இருக்குமா? சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, இராயப்பன்பட்டி, கூடலூர் எனப் பந்தல் பந்தலாகப் பன்னீர்த் திராட்சை! 1895-இல் கட்டி முடிந்த முல்லைப்பெரியாற்று அணையின் நீர் பாயும் பூமி. பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் 1832-இல் இந்தத் திராட்சையைத் தமிழகத்துக்குக் கொண்டுவந்தார் என்பது வழங்கிவரும் செய்தி. மஸ்கட் ஹாம்பர்க் என்பது இதன் சீமைப் பெயர். மற்ற இடங்களில் ஆண்டுக்கொரு பருவம் காய்க்க, இங்கே கொடிகள் ஆண்டு முழுதும் அறுவடை தருகின்றன. 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. சாற்றுக்கும் ஆகும், ஒயினுக்கும் ஆகும், உலர்த்தவும் ஆகும் என்று அந்தப் புகழுரையிலேயே எழுதியிருக்கிறார்கள். எனினும், போடியிலோ கம்பத்திலோ கிறிஸ்துமஸ் கேக்கு சுடுபவர் கிஸ்மிஸ் வாங்கப் போனால், அவர் கைக்கு வருவது பெரும்பாலும் வேறு மாநிலத்துச் சரக்கு அல்லது வெளிநாட்டுச் சரக்கு. மூன்று கல் தொலைவிலே பந்தல். முந்நூறு கல் தொலைவிலிருந்து கிஸ்மிஸ்!

ஏலத்தின் கதை இதற்கு நேர்மாறு. அது இங்கேயே தங்குவதில்லை. சுவீடனிலும் நார்வேயிலும் பின்லாந்திலும் கிறிஸ்துமஸ் காலத்து ரொட்டிகள் ஏலத்தாலேதான் மணக்கின்றன. அங்கே குளிருக்கு இதமாகச் சுடவைத்துப் பருகும் 'கிளாக்' என்ற ஒயினிலே பட்டை, கிராம்பு, ஆரஞ்சுத்தோல், கூடவே ஏலம்! பனிநாட்டான் தன் திருநாளின் மணம் எதுவென்று கேட்டால் ஏலம் என்பான். அது பனியே பெய்யாத மலையின் நிழலிலே விளைவது என்பதை அவனுக்கு யார் சொல்வார்? இன்னொன்று: நம்மூர்க் கிறித்தவ இல்லங்களிலே திருநாளுக்குச் சுடும் அச்சு முறுக்கைப்போலவே, பூ வடிவ இரும்பச்சை மாவிலே தோய்த்து எண்ணெயிலே பொரிக்கும் பலகாரம் அந்த நாடுகளிலும் கிறிஸ்துமஸுக்கு உண்டு. பார்ப்பவர் இரண்டையும் மாற்றி எடுத்துவிடக்கூடும்.

ஆனால் அந்த ரொட்டியிலே இன்று நம் ஏலம் மணக்கிறதா என்பது ஐயம். முதல் உலகப்போர் மூண்ட காலத்தை ஒட்டி, ஜெர்மானியத் தோட்டக்காரர் ஒருவர் ஏலத்தை நடு அமெரிக்காவின் கௌதமாலாவுக்குக் கொண்டுபோனார். 1980-ஐ ஒட்டி அந்நாடு விளைச்சலிலே இந்தியாவை முந்திவிட்டது. அங்கே வீட்டுச் சமையலிலே ஏலத்துக்கு இடமே இல்லை. விளைவது முழுதும் விற்பனைக்கே! அங்கும் பறிப்பவள் ஒரு மலைவாழ் ஏழைப்பெண். அவள் இனம் மாயன், இவள் இனம் தமிழ். கூடை ஒன்றே.

இங்குள்ள கூடையைக் கொஞ்சம் உற்றுப் பார்ப்போம். ஏலச்செடியின் காய் கிளையிலே தொங்குவதில்லை. தூருக்கு அருகே, தரையை ஒட்டிய சரத்திலே காய்க்கிறது. குந்தி அமர்ந்தோ குனிந்தோதான் பறிக்க வேண்டும். முற்றிய காயை மட்டும் விரல் தேடிப் பிடிக்க வேண்டும். ஆடி, ஆவணியில் தொடங்கித் தைவரை, மாதத்துக்கோ நாற்பது நாளைக்கோ ஒருமுறை அதே செடிக்குத் திரும்பி வர வேண்டும். மழை, அட்டை, வழுக்கும் சரிவு. பறித்த பச்சைக்காயை ஸ்டோர் என்று அழைக்கப்படும் உலர்கூடத்திலே, பச்சை நிறம் போகாத இளஞ்சூட்டிலே, ஏறத்தாழ ஒரு நாள் முழுதும் உலர்த்துகிறார்கள். ஐந்தாறு கிலோ பச்சை, ஒரு கிலோ உலர்ந்த காயாகச் சுருங்கும். பிறகு போடிக்கு இறங்கும். அங்கே பெண்கள் அமர்ந்து நிறம் பார்த்து, பருமன் பார்த்துப் பிரிக்கிறார்கள். 8 மில்லிமீட்டர் பருமனுள்ள காய் ராணி. பிளந்தது, வெளுத்தது கடைசி வரிசை. நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் போடியிலும், மலைமேல் புற்றடியிலும் நடக்கிறது. 2019 ஆகஸ்டில் ஒரு கிலோ 7,000 ரூபாய் என்ற உச்சத்தைத் தொட்டது. ஊரே பேசியது! ஆனால் 7,000 ரூபாய் ஏலம் பறித்தவளின் அன்றையக் கூலி, 700 ரூபாய் ஏலம் பறித்த நாளின் கூலியைப் போலப் பத்து மடங்காயிற்றா? விலை ஏறும் ஏணியிலே கூலிக்குப் படி கிடையாது.

1956 நவம்பர் முதல் நாள், மொழிவழி மாநிலம் பிரிந்தபோது, தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு போயின. தோட்டம் ஒரு மாநிலம், சந்தை ஒரு மாநிலம், தொழிலாளி இரண்டுக்கும் இடையிலே. விடியுமுன் போடியிலும் தேவாரத்திலும் கம்பத்திலும் ஜீப்புகளிலே நெருக்கி அடைத்துக்கொண்டு ஏறுகிறார்கள். போடிமெட்டுச் சாலையின் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டி அக்கரை மாநிலத்துக்கு வேலைக்குப் போகிறார்கள். பொழுது சாயத் திரும்புகிறார்கள். போடி இரயில் போர்க்காலத்திலே நின்று, மீண்டும் ஓடி, அகலப்பாதைக்காக 2010-இன் இறுதியிலே மறுபடி நின்று, 2023 ஜூன் 15-ஆம் நாள்தான் திரும்ப வந்தது. பன்னிரண்டரை ஆண்டுகள்! ஏலக்காய் அதுவரை லாரியிலே போயிற்று. அதற்கு ஒரு குறையும் இல்லை.

திருநாள் உணவைப் பற்றிய பேச்சிலே மூணாற்றுப் பெண்களை விட்டுவிட்டால் பேச்சு முழுமையாகாது. 2015 செப்டம்பரில், தேயிலை பறிக்கும் தமிழ்ப் பெண்கள், எந்தத் தலைவரையும் எதிர்பாராமல், எந்தச் சங்கத்தையும் பக்கத்தில் விடாமல், சாலையிலே அமர்ந்தார்கள். 'பெண்கள் ஒற்றுமை' என்பது அவர்கள் சூட்டிக்கொண்ட பெயர். நாட்கூலி அப்போது 232 ரூபாய். அவர்களை வீதிக்குக் கொண்டுவந்தது எது? போனஸ்! 20 விழுக்காடாக இருந்ததை 10 ஆக்கினார்கள். போனஸ் என்பது கணக்குப் புத்தகத்திலே ஒரு வரி. லயத்து வீட்டிலே அதுதான் பண்டிகை. ஓணமோ, தீபாவளியோ, கிறிஸ்துமஸோ, பிள்ளைக்குச் சட்டையும் அடுப்புக்குக் கறியும் அந்தப் பணத்திலேதான் வரும். ஒன்பது நாள் உட்கார்ந்தார்கள். 8.33 விழுக்காடு போனஸாகவும் 11.67 விழுக்காடு கருணைத்தொகையாகவும், கூட்டினால் அதே இருபதைப் பெற்ற பிறகே எழுந்தார்கள். 'கருணை' என்ற சொல்லைக் கவனித்தீரா? உழைத்தவளுக்குக் கொடுப்பதைக்கூடக் கருணை என்று எழுதிக்கொண்டார்கள்!

ஆகவே, கிறிஸ்துமஸுக்கு எதை வாங்குவது என்று கேட்கும் நண்பருக்கு என் விடை இது. சீமைச் சீட்டு ஒட்டிய குப்பியைத் தேடி மதுரைக்கு ஓட வேண்டாம். கம்பத்துப் பன்னீர்த் திராட்சை இரண்டு கிலோ வாங்கிப் பிழிந்தால் வீட்டார் எல்லோருக்கும் ஆளுக்கொரு குவளை. குழந்தைக்கும் கொடுக்கலாம், சட்டமும் கேட்காது. கேக்கை உள்ளூர் அடுமனையிலே வாங்கும். டிசம்பர் மாதம் முழுதும் இரவிலே கண் விழிப்பவன் நம் பக்கத்துத் தெருப் பையன். கிஸ்மிஸும் கம்பத்துக் கிஸ்மிஸாக இருக்கட்டுமே என்று ஒரு வார்த்தை அவனிடம் சொல்லிப் பாரும். பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆண்டாவது வரும். ஏலம் ஐம்பது கிராம் வாங்கும்போது, பருமன் குறைந்த காயாகவே வாங்கும். பாயசத்திலே இடித்துப் போடுவதற்கு ராணி எதற்கு? பிரிக்கும் பெண்களைக் கேட்டால், தங்கள் வீட்டுக்கு எடுப்பதும் அந்தக் காய்தான் என்பார்கள். மணத்திலே அது குறைந்ததில்லை.